பதினாலாம் பக்கம்

"துக்கம் எந்தப் பூட்டுக்கும் சாவி ஆகாது."

வக்கீல் ரஸ்க் அனுப்பிய கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரியை ஆர்டித் ஸ்டாம்பர் மூன்று நாளாக மென்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கும்போதும் அதே வரி. மசித்த வேகத்தைப் பார்த்து, "அது ஏற்கெனவே செத்துப் போச்சு ஆர்டித், விட்டுடு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

நடந்தது இதுதான். அம்மா ஸெல்மா போன அக்டோபரில் இறந்து, குன்றின் மேல் ஸ்டாம்பர் குடும்பக் கல்லறையில் அடக்கமானாள். அந்தக் குன்று இப்போது ஸ்டாம்பர்களுடையது அல்ல. அப்பா ஹோபர்ட் என்றைக்கோ அதைப் பக்கத்து வீட்டாருக்கு விற்றுவிட்டார். அவர்கள் இருந்தவரை யாரும் யாரையும் தடுத்ததில்லை. போன குளிர்காலத்தில் அதை வாங்கிய விடுமுறைக் குடில் கம்பெனி, மே மாதம் பிறந்ததும் பாதையின் குறுக்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டது. யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஒரு தீர்ப்பைக் காட்டி அப்பாவுக்குக் கடிதம் போட்ட ரஸ்க், அந்தக் கம்பெனியின் வக்கீல்.

வருகிற ஞாயிறு அலங்கார ஞாயிறு. கல்லறைகளைப் பெருக்கி, புல் வெட்டி, பூ வைத்து, போனவர்களுக்கு நடுவே துணி விரித்துச் சாப்பிடுகிற நாள். அம்மாவுக்கு இது முதல் பூ.

அப்பா கொட்டகையிலிருந்து பூட்டு வெட்டும் கத்தரியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். துணை ஷெரிஃப் லோனி வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"ஹோபர்ட் மாமா, நீங்க அதை வெட்டினா உங்களுக்கு விலங்கு போட வேண்டியது நான்தான். என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவராதீங்க. வக்கீல் ஒரு தீர்ப்பைக் காட்டுறான். நீங்களும் ஒரு காகிதத்தைக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள காட்டினா, ஞாயித்துக்கிழமை நானே வந்து திறந்து விடுறேன்."

இன்று வியாழன். கோர்ட்டின் சட்ட நூலகம் செவ்வாய், வியாழன் மட்டும், ஒன்றிலிருந்து நாலு வரை.

சரியாக ஒரு மணிக்கு மூன்றாவது மாடியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன ஆர்டித், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வாண்டா. தம்பி டார்ஸியின் முன்னாள் மனைவி. விவாகரத்து ஆகி ஆறு வருடம். அம்மாவின் அடக்கத்தன்று குன்றின் அடிவாரத்தில் காரை நிறுத்தி, இறங்காமலே திரும்பிப் போனவள்.

"வாங்க அண்ணி" என்றாள் வாண்டா, எழுந்து.

"அந்த உறவெல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்கு ஒரு தீர்ப்பு வேணும்."

ஆர்டித் கடிதத்தை மேசைமேல் விரித்தாள். வாண்டா படித்தாள். அம்மாவின் பெயர் வந்த இடத்தில் அவள் கண் கொஞ்சம் நின்றது. பிறகு கடிதத்தைத் திருப்பி நகர்த்தினாள்.

"புத்தகம் எங்க இருக்குன்னு சொல்றேன். எப்படித் தேடணும்னு சொல்றேன். அதுல இருக்கறதுக்கு என்ன அர்த்தம், உங்க விஷயத்துக்கு அது பொருந்துமான்னு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்."

"ஏன்? ரஸ்க் உனக்கு மாமனா?"

வாண்டா பின்சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினாள். நூலக ஊழியர்கள் சட்ட ஆலோசனை வழங்க மாட்டார்கள். கட்டை எழுத்து, சிவப்பு மை.

"எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர், ஒரு அம்மாவுக்குப் பாவம் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் ஒரு வக்கீல் புகார் கொடுத்தார். இப்போ அவர் டயர் கடையில இருக்கார்."

"எங்க அம்மா சோள ரொட்டியை ஒன்பது வருஷம் தின்னிருக்கே."

"ஆமா. இப்பவும் அந்த ருசி நாக்குல இருக்கு. அதுக்காகப் பொய்யா ஒரு அர்த்தம் சொல்லி உங்களைக் குழியில தள்ளவா? நான் வக்கீல் இல்ல அண்ணி. தப்பா சொல்லிட்டா மாமாவுக்குத்தான் விலங்கு."

அண்ணி என்று கூப்பிடாதே என்று மறுபடி சொல்ல ஆர்டித் வாயைத் திறந்தாள். கடிகாரம் ஒன்றேகால் காட்டியது. மூடிக்கொண்டாள்.

"எங்க ஆரம்பிக்கறது?"

"முதல்ல சட்டம். அப்புறம் தீர்ப்பு. சட்டசபை என்ன எழுதி வெச்சிருக்குன்னு பாத்துட்டு, அதைக் கோர்ட்டு எப்படி எடுத்துக்கிச்சுன்னு பாக்கணும். அட்டவணைப் புத்தகம் அதோ, கடைசி அலமாரி."

அட்டவணையில் 'கல்லறை'யைத் தேடினாள் ஆர்டித். 'இடுகாடு' பார்க்க என்று இருந்தது. இடுகாட்டுக்குப் போனால் 'இடுகாட்டு நிறுவனங்கள்' என்று ஒரு பக்கம் முழுக்க; இவளுக்கு வேண்டியது அதில் இல்லை. அடியில் ஒரு குறிப்பு: 'பிரேதங்கள்' பார்க்க.

அவளுக்குச் சுருக்கென்றது.

"பிரேதங்களா? எங்க அம்மா இவங்களுக்குப் பிரேதங்களா? நாப்பது வருஷம் அந்தத் தேவாலயத்துல பியானோ வாசிச்சவ!"

"மெதுவா. அந்தப் பக்கம் ஒருத்தர் படிச்சிட்டு இருக்கார்."

"படிக்கட்டும். எல்லாருக்கும் கேக்கட்டும்."

பிரேதங்களுக்குக் கீழே ஒரு பிரிவு எண் இருந்தது. அந்த எண்ணுள்ள தடித்த பச்சைப் புத்தகத்தை இழுத்து, நின்றபடியே படித்தாள். கல்லறையை உடைப்பவருக்குத் தண்டனை. கல்லைத் திருடுபவருக்குத் தண்டனை. பூட்டியவருக்கு ஒன்றுமில்லை. கீழே பொடி எழுத்தில் சில பழைய வழக்குகள். அதிலும் கதவைப் பற்றியோ பாதையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

புத்தகத்தை டப்பென்று மூடினாள்.

"இல்ல. ஒண்ணும் இல்ல. உடைச்சாத்தான் குத்தமாம். உள்ள விடாம நிறுத்தினா குத்தம் இல்லையாம். யாருக்காக எழுதினாங்க இதையெல்லாம்?"

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். கதவு வரை போய்விட்டாள்.

"அந்தப் புத்தகம் எந்த வருஷம் அச்சடிச்சது?" என்றாள் வாண்டா, தலையை நிமிர்த்தாமல்.

"எனக்கென்ன தெரியும்?"

"முதல் பக்கத்துல இருக்கும்."

திரும்பி வந்து பார்த்தாள். 1985.

"அதுக்கப்புறம் சட்டசபை தூங்கிட்டா இருந்துச்சு? கோர்ட்டு மூடிட்டா இருந்துச்சு? பின்னட்டையைத் திறந்து பாருங்க. உள்பக்கம் ஒரு பை இருக்கும்."

பின்னட்டையின் உள்ளே, சட்டைப் பை மாதிரியே ஒரு வெட்டு. அதில் மெல்லிய காகிதப் புத்தகம் ஒன்று செருகியிருந்தது. அட்டையில் போன வருடத்துத் தேதி.

"ஒவ்வொரு வருஷமும் புதுசா வர்றதை அதுல செருகிடுவாங்க. பெரிய புத்தகத்தை மட்டும் படிச்சுட்டுப் போறவங்க, செத்துப் போன சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டு வாதாடுவாங்க. வக்கீலுங்களே அப்படி மாட்டியிருக்காங்க. இது ஆலோசனை இல்ல. புத்தகத்தை எப்படித் திறக்கறதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

ஆர்டித் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெல்லிய புத்தகத்தில் அதே பிரிவு எண்ணைத் தேடினாள். அதன் கீழே புதிதாக ஒரே ஒரு வழக்கு. ஸ்டிட்ஹாம் எதிர் பிளெட்சோ, 1997.

ரஸ்க் கடிதத்தில் இருந்த அதே வழக்கு.

பக்கத்தில் இரண்டு வரிச் சுருக்கம்: 'தனியார் நிலத்திலுள்ள கல்லறைக்குச் செல்ல உறவினருக்குள்ள உரிமை நிலத்தை விற்பதால் அழிவதில்லை.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கடிதத்தைப் படித்தாள். மறுபடி புத்தகத்தை.

"வாண்டா, இது நேர்மாறா இருக்கே! இது போகலாங்குது. அவன் கூடாதுங்குறான். ரெண்டும் ஒரே வழக்கு."

"சுருக்கம் எழுதினது புத்தகக் கம்பெனிக்காரங்க. கடிதம் எழுதினது வக்கீல். நீதிபதி என்ன எழுதினாருன்னு ரெண்டு பேரையும் நம்பாம நீங்களே படிக்கலாம். தீர்ப்புத் தொகுதிகள் சன்னல் பக்கம்."

வழக்கின் பெயரை அடுத்து 938, 611 என்று இரண்டு எண்கள் இருந்தன. ஆர்டித் ஒரு புத்தகத்தை எடுத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். யாரோ ஒருவருடைய பசு ரயிலில் அடிபட்டிருந்தது. இன்னொரு புத்தகத்தில் அதே பக்கம். அங்கே ஒரு சோப்புக் கம்பெனி. மூன்றாவதை எடுக்கும்போது வாண்டா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"என்னடி இருமல்?"

"பேருக்குப் பக்கத்துல முதல் எண் புத்தகம். ரெண்டாவது எண் பக்கம்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்கும் பலகை இருக்கா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

ஆறு வருடத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உடனே இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

தொகுதி 938, பக்கம் 611. ஆர்டித் விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி படித்தாள். மேலே இருந்த எண் போட்ட சுருக்கங்களைத் தாண்டி, நீதிபதியின் பெயர் தொடங்கும் இடத்திலிருந்து. ஸ்டிட்ஹாம் என்று ஒரு குடும்பம். அவர்களுடைய மகனின் கல்லறை. நிலத்தை வாங்கிய பிளெட்சோ போட்ட ஒரு கம்பி வேலி. தாய் வழக்குப் போட்டிருக்கிறாள். கீழ்க் கோர்ட்டில் தோற்றிருக்கிறாள். மேலே வந்திருக்கிறாள்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்மீது ஆர்டித்துக்கு அப்படியொரு பாசம் வந்தது.

தீர்ப்பின் பத்தாம் பக்கத்தில் தாய் ஜெயித்துவிட்டாள். உறவினர் தகுந்த நேரங்களில் போகலாம், பூ வைக்கலாம், பராமரிக்கலாம். நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்த உரிமை கூடவே போகும்.

"அப்போ சாவி, பூட்டு, துக்கம்? அந்த வரி எங்க? பொய்யா எழுதிட்டானா?"

மேலே புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் புதிதாக ஒரு பெயர். 'நீதிபதி க்ரேஞ்சர், மாறுபட்டு.' அவர் ஒரு தடவை மூச்சு வாங்கிவிட்டு ஆரம்பித்த மாதிரி இருந்தது. இரண்டாவது பத்தியில் கிடைத்தது: துக்கம் எந்தப் பூட்டுக்கும் சாவி ஆகாது.

"மாறுபட்டுன்னா என்ன வாண்டா?"

வாண்டா பலகையைப் பார்த்தாள். ஆர்டித்தைப் பார்த்தாள். எழுந்து போய்த் தலையணை அளவுக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிவந்து வைத்தாள்.

"சட்ட அகராதி. அகராதி எடுத்துக் கொடுக்கறது ஆலோசனை ஆகாது."

ஆர்டித் தேடினாள். படித்தாள். 'பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவை ஏற்காத நீதிபதி தனியாக எழுதும் கருத்து. அதற்குத் தீர்ப்பின் பலம் இல்லை.'

இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"தோத்த ஆளு! தோத்த ஆளு புலம்பினதை எடுத்து, ஜெயிச்ச ஆளு சொன்னதா எங்கப்பாவுக்கு அனுப்பியிருக்கான்! ஏழு நீதிபதியில ஆறு பேரு அந்தத் தாய்க்குப் போன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒருத்தன் கூடாதுங்குறான். இவன் அந்த ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு, பேரைக்கூட வெட்டிட்டு..."

சன்னலோரம் படித்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

"அப்பா அந்த வரியை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு வாண்டா. கோர்ட்டே அப்படிச் சொல்லிடுச்சேன்னு ராத்திரி சாப்பிடல. கவர்மென்டே ஸெல்மாவைப் பாக்கக் கூடாதுன்னுடுச்சேங்குறாரு. எழுபத்தொன்பது வயசு மனுஷன். எட்டாவதுக்கு மேல படிக்கல. படிக்கலன்னு தெரிஞ்சுதானே இப்படி எழுதியிருக்கான்? இவங்க எங்க போய்ப் புத்தகத்தைத் திறந்து பாக்கப் போறாங்கன்னுதானே?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

வாண்டா நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கான்னு பாக்கணும். பின்னால வந்த கோர்ட்டு அதை ரத்துப் பண்ணியிருந்தா, நீங்களும் ரஸ்க் மாதிரிதான் நிப்பீங்க."

மூலையிலிருந்த கணினியில் 938, 611 என்று அடித்தார்கள். பச்சை வட்டம் வந்தது. அதற்குப் பின்னால் வந்த பதினொரு வழக்குகள் அதைப் பின்பற்றியிருந்தன. ஒன்றுகூட அதைத் தள்ளவில்லை.

மணி மூன்றரை. ஆர்டித் நகல் எடுத்தாள். ஒவ்வொரு பக்கமும் சூடாக வெளியே வரும்போது ரொட்டியை எடுப்பதுபோல் எடுத்து அடுக்கினாள். பதிமூன்று பக்கம். புத்தகத்தை மூடப் போனாள்.

வாண்டாவின் கை குறுக்கே வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பியது.

"தீர்ப்பு இங்க முடியல."

பதினாலாம் பக்கத்தில் பாதிதான் அச்சு. 'மறுவிசாரணை மனுவின் மீது' என்று தலைப்புப் போட்டு ஐந்தாறு வரி. உயிரோடிருக்கும் வாரிசுகள் அனைவரும் இந்த உரிமையை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்திருந்தால் மேற்படி தீர்ப்பு பொருந்தாது என்பதைத் தெளிவுபடுத்துகிறோம்.

ஆர்டித் படித்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள்.

"வாரிசுன்னா அப்பா, நான், டார்ஸி. மூணே பேரு. நாங்க எதையும் எழுதிக் கொடுக்கலியே. எதுக்கு இது?"

"எனக்குத் தெரியாது. அர்த்தம் சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா முழுசா எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தோட நிறுத்திக்கிட்டா, அந்த ஆளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

பதினாலாம் பக்கமும் சூடாக வெளியே வந்தது.

கதவருகே ஆர்டித் நின்றாள்.

"அடக்கத்தன்னிக்கு ஏன்டி காரை விட்டு இறங்கல?"

"இறங்கினா டார்ஸிக்குச் சங்கடமா இருக்கும்னு." வாண்டா மேசையிலிருந்த பேனாவை நேராக்கினாள். "எப்படி இருக்காரு? மறுபடி வேலை கிடைச்சுதுன்னாங்க."

"மார்ச்லேருந்து போறான். சுரங்கம் மூடினப்புறம் ரெண்டு வருஷம் வீட்டுலயே கெடந்தான். இப்போ மண்ணு தள்ற மெஷின் ஓட்டுறான். யாருகிட்டங்கறே? அதே குடில் கம்பெனிகிட்ட. அவன் தலையெழுத்து." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வா. இறங்கு. அம்மாவுக்குப் பிடிக்கும்."

வீட்டில் சமையலறை மேசை முழுக்கக் காகிதப் பூ. அலங்கார ஞாயிறுக்கு அம்மா வருடா வருடம் சுருக்கக் காகிதத்தில் பூச் செய்து மெழுகில் தோய்த்து வைப்பாள். இந்த வருடம் அப்பா செய்துகொண்டிருந்தார். சுரங்கத்தில் நாற்பது வருடம் நிலக்கரி வெட்டிய விரல்களுக்கு இதழ் மடங்கவில்லை. ரோஜா என்று அவர் சொன்னவை எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன.

டார்ஸி வேலை முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பயறும் பச்சை வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆர்டித் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைப் புத்தகம், பின்னட்டைப் பை, ஸ்டிட்ஹாமின் தாய், ஆறு பேர், ஒரு ஆள். அப்பா கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"அப்போ கவர்மென்டு அப்படிச் சொல்லலியா?"

"சொல்லல அப்பா. தோத்த ஆளு சொன்னது."

"அந்த ரஸ்க் எத்தனை வருஷம் படிச்சிருப்பான்?"

"ஏழு வருஷமாவது இருக்கும்."

"ஏழு வருஷம் படிச்சுட்டு ஒரு கிழவன்கிட்ட பாதியை மறைச்சுக் காட்டியிருக்கான். வெக்கமா இல்ல அவனுக்கு? கண்ணாடியில எப்படி மூஞ்சியைப் பாத்துச் சவரம் பண்றான்?" அவர் எழுந்துவிட்டார். சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. "நான் சட்டையை மாத்திட்டு வர்றேன். லோனிகிட்ட இன்னிக்கே கொடுத்துடலாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எதுக்கு?"

அவர் உள்ளே போனார். ஆர்டித் உட்கார்ந்து ஒரு துண்டு சோள ரொட்டியைப் பிட்டாள். அன்றைக்கு அவள் வாயில் வைத்த முதல் கவளம்.

"கடைசியில ஒரு குறும்பு பாரு," என்றாள் தம்பியிடம், வாய் நிறைய. "வாரிசுங்க எல்லாரும் எழுதிக் கொடுத்திருந்தா உரிமை போயிடுமாம். யாராவது பெத்த தாயோட கல்லறையை எழுதிக் கொடுப்பாங்களா? பைத்தியக்காரங்க."

டார்ஸி நிமிர்ந்தான். ஸ்பூன் கிண்ணத்திலேயே நின்றது.

"அக்கா." அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "எழுதிக் கொடுக்கறதுன்னா... எந்த மாதிரிக் காகிதம்?"

ஆர்டித் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மார்ச்ல வேலைக்குச் சேந்தப்போ ஃபோர்மேன் ஒரு காகிதம் கொடுத்தாரு. உங்க ஆளுங்க கல்லறை மேல இருக்குல்ல, குடும்பத்துல யார் யார்னு பதிவுக்கு வேணும், கையெழுத்து வாங்கிட்டு வான்னாரு. மூணு கோடு இருந்துச்சு."

"டார்ஸி."

"அப்பாவுக்கு அன்னிக்கு ஜுரம். நீ பள்ளிக்கூடத்துல. ரெண்டு வருஷம் கழிச்சு முதல் நாள் வேலை, அக்கா. இதுக்குப் போய் அலையணுமான்னு... மூணு கோடு இருந்துச்சு, மூணு பேரு கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்."

"படிச்சியா?"

"மேல ஸ்டாம்பர் கல்லறைன்னு இருந்துச்சு."

"படிச்சியாடா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மத்தியானம் முழுக்க ரஸ்க்மேல் கொட்டிய கோபம் எல்லாம் திரும்பி இந்த மேசைக்கே வந்துவிட்டது. வந்த இடத்தில், கையில் அழுக்கோடு, பத்து வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான் அவள் தம்பி.

"என் பேரை எழுதியிருக்கே. அப்பா பேரை எழுதியிருக்கே. அதுக்கு என்ன பேரு தெரியுமா? சட்டத்துல அதுக்குத் தனிப் பக்கமே இருக்கும்டா. ஜெயில் இருக்கும்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா..."

"தெரியாதா? படிக்காம கையெழுத்துப் போட்டியே, அவன் ஏமாத்தினதைவிட இது எந்த விதத்துல உசத்தி? அவன் பாதியை மறைச்சான். நீ முழுசையும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துட்டு வந்திருக்கே!"

உள்ளே அலமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் காகிதம் இப்போ எங்க?"

"ஃபோர்மேன் இழுப்பறையில. போன வாரம்கூடப் பாத்தேன், மேல காபி டம்ளர் வெச்சிருந்தாரு. அந்த வக்கீலுக்கு அது இருக்கறதே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

தெரிந்திருந்தால் அதைத்தானே முதல் கடிதத்தோடு வைத்திருப்பான்? தோற்ற நீதிபதியைத் தேடி எதற்கு அலையப் போகிறான்?

ஆர்டித் மேசைமேல் இருந்த நகல்களைப் பார்த்தாள். பதினாலாம் பக்கத்தைப் படித்தால் லோனி கேட்பான், எழுதிக் கொடுத்தது ஏதாவது உண்டா என்று. ரஸ்க் தேடுவான். இழுப்பறை திறக்கும். நான் போட்ட கையெழுத்து இல்லை என்று அவள் சொன்னால் கதவு திறக்கும். தம்பி ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பூ இல்லை, இந்த வருடமும் இல்லை, இனி எந்த வருடமும் இல்லை.

பதினாலாம் பக்கத்தை யாரும் படிக்காவிட்டால் எதுவுமே நடக்காது.

எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசித் தாள் அடுக்கிலிருந்து வந்தது. நாலாக மடிந்தது. மேலங்கிப் பையில் போனது. டார்ஸி பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்பா வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கழுத்துவரை பட்டன். கையில் பழுப்பு உறை, காதில் பென்சில். காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி, உறைக்குள் பக்குவமாக நுழைத்தார்.

"மேல எழுதிடலாம், மொத்தம் எத்தனை பக்கம்னு. அவனை மாதிரி நாம எதையும் மறைக்கலன்னு லோனிக்குத் தெரியணும்." பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனைம்மா?"

மெழுகுப் பூக்களுக்கு அந்தப் பக்கம் டார்ஸி மூச்சு விடாமல் இருந்தான்.

"பதிமூணு அப்பா" என்றாள் ஆர்டித்.

ஹோபர்ட் ஸ்டாம்பர் ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, அழியாதபடி எழுதினார்.